சந்தைக்காரி வராத தெரு

'ஃபாரோ' என்ற நகரமைப்புக் கணினி ஆட்டம் 1999இல் வெளிவந்தது. முந்தைய ஆண்டு 'சீசர் 3' ஆட்டத்தைத் தந்த இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் நிறுவனமே இதையும் உருவாக்கியது. நைல் நதிக்கரையில் ஆளில்லாத நிலம் ஒன்று கிடைக்கும். சாலை போட்டு மனை ஒதுக்கினால் மூட்டை முடிச்சுகளோடு குடியேறிகள் வந்துசேர்வார்கள். குடிசையை மாளிகையாக உயர்த்துவதுதான் வேலை.

குடிசை உயரத் தண்ணீரும் உணவும் போதாது, பானையும் வேண்டும். நீரோரத்தில் களிமண் எடுத்து, குயவர் வனைந்து, பண்டகசாலையில் அடுக்கிய பிறகும் வீட்டுக்குப் பானை போய்ச் சேராது. சந்தைக்கு அதை வாங்கிவந்த பிறகு சந்தைக்காரி தெருத்தெருவாக நடக்க வேண்டும். நாற்சந்திக்கு வந்தால் அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று சொல்ல முடியாது. ஆள் இல்லாத சாலையில் போய்விட்டாளானால் அவள் வராத தெருவின் வீடுகள் மறுபடி குடிசையாகும், சனம் ஊரைவிட்டுக் கிளம்பும். கிடங்கு நிறையப் பானை, வீட்டில் ஒன்றுமில்லை! பகைவர் படையெடுப்பை விடச் சிறுவர்களை அதிகம் அழவைத்தது இதுதான்.

இதற்கு மருந்து ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. சாலைத் தடுப்பு ஒன்றை வைத்தால் சுற்றித் திரிபவர் திரும்பிவிடுவார். குறித்த இடத்துக்குச் சரக்கோடு போகிறவர் தடையின்றிக் கடப்பார். பெட்டியில் வந்த தடித்த ஆங்கிலக் கையேடு இதையெல்லாம் விளக்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கோ இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் நகல் குறுந்தகடாகவே வந்தன, கையேடு வரவில்லை. விதி தெரியாமல் தோற்றவர்கள் ஆட்டம் அநியாயமானது என்று நினைத்ததில் வியப்பில்லை. வளர்ந்தபின் திரும்ப ஆடுகிறவர் முதலில் கட்டுவது நாற்சந்தியே இல்லாத வளையச் சாலை.

வெள்ளம் வேறு கதை. ஆற்றுப்படுகையில் வயலும் வாய்க்காலும் சாலையும் மட்டுமே அமைக்கலாம், வீடு கட்ட ஆட்டம் விடாது. வெள்ளம் வருமுன் அறுவடை முடியும். வடிந்தபின் வண்டல் நிலத்துக்கு உரம் சேர்க்கும். வெள்ளத்துக்குரிய கடவுளான ஒசிரிஸின் கோவிலைக் கவனிக்காவிட்டால் வெள்ளம் குறையும், மறு அறுவடையும் சுருங்கும். வெள்ளாற்று அணைக்கட்டைப் பார்த்து வளர்ந்த, கடலூர் மாவட்டச் சேத்தியாத்தோப்புப் பிள்ளைகளுக்கு இதில் புரியாதது ஒசிரிஸ் மட்டும்தான். பானைச் சங்கிலியும் அந்நியமில்லை: பக்கத்து விருத்தாசலத்தில் களிமண் அகல் விளக்காகிறது, பொம்மையாகிறது, ஃப்யூஸ் கேரியராகிறது. ஆனால் ஆட்டத்து நகரம் தன் எல்லைக்குள் கிடைக்கும் நீரை மட்டுமே குடிக்கும். நிஜத்திலோ 2004 முதல் வீராணம் ஏரி நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து இறைக்கப்பட்டு, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னைக்குக் குழாயில் போகிறது. அப்படியொரு குழாயைப் பதிக்க ஃபாரோவில் வழியில்லை.

படங்களைப் புதிதாக வரைந்த 'ஃபாரோ: எ நியூ எரா' 2023 பிப்ரவரியில் வந்தது. பழைய வரைபடத்தின் பெரிய பொய் அதிலும் அப்படியே இருக்கிறது: நிலம் வெறுமையாகவே தொடங்குகிறது. சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நகரம் வெறும் நிலத்தில் எழவில்லை. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்துக்கும் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய அதன் நகரியத்துக்கும் முன்பு அங்கே கிராமங்கள் இருந்தன. அதே 2023இன் ஜூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட நிறுவனத்தின் இயந்திரங்கள் நெற்பயிர் நின்ற வயலில் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்பது நிறுவனத்தின் வாதம். அழிந்த பயிருக்கு இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஃபாரோவில் விளைந்த வயலை அழிக்க ஒரு சொடுக்கு போதும். உழவருக்கு இழப்பீடு என்றொரு வரி அதன் கணக்கேட்டில் கிடையாது.