பேக்கப் இருக்குன்னு சொல்லாதீங்க, ரீஸ்டோர் பண்ணிக் காட்டுங்க

டாக்டருக்கு எதுக்குய்யா சர்வர் பேச்சுன்னு கேக்கலாம். லேப் ரிசல்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இப்போ சர்வர்லதான் இருக்கு. சர்வர்னா பெரும்பாலும் லினக்ஸ், யூனிக்ஸ் வழி வந்தது. அங்க கட்டளை அடிச்சு அழிச்சா ரீசைக்கிள் பின் கிடையாது. என்டர் தட்டினா போச்சு. மிச்சம் பேக்கப் மட்டும்தான்.

2017 ஜனவரி 31. சாஃப்ட்வேர் எழுதுறவங்க தங்கள் ப்ரோக்ராம்களைச் சேமிக்கும் கிட்லேப். அவங்ககிட்ட ஒரு மெயின் டேட்டாபேஸ் சர்வர், அதோட நகலா இன்னொண்ணு. நகல் பின்தங்கிடுச்சு. அதைக் காலி பண்ணி புதுசா காப்பி எடுக்கலாம்னு ஒரு இன்ஜினியர் டைரக்டரியை அழிக்கிறார். ஓரிரு நொடியில புரியுது, அழிச்சது மெயின் சர்வர்ல! நிறுத்துறதுக்குள்ள சுமார் 300 ஜிபியில மிஞ்சினது 4.5 ஜிபி.

சரி, பேக்கப்? தினமும் காப்பி எடுத்து அமேசான் எஸ்3-ல போடுற ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தா காலி. டேட்டாபேஸ் வெர்ஷன் 9.6, காப்பி எடுக்கிற டூல் ஓடினது 9.2. எரர் அடிச்சு நின்னிருக்கு. அதைச் சொல்ல வந்த மெயிலையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கு. அஷ்யூர் டிஸ்க் ஸ்னாப்ஷாட்? டேட்டாபேஸ் சர்வர்களுக்கு ஆன் பண்ணவே இல்ல.

காப்பாத்தினது எது தெரியுமா? அதே இன்ஜினியர் வேற வேலைக்காக 6 மணி நேரம் முன்னாடி கையால எடுத்த ஸ்னாப்ஷாட். அது இருந்த டிஸ்க் ஸ்லோ, காப்பி ஆக கிட்டத்தட்ட 18 மணி நேரம். நடுவுல பதிவான 6 மணி நேர டேட்டா போனது போனதுதான்.

என்டர் தட்டினவர் மேலதான் தப்புன்னு தோணலாம். எனக்கு உடன்பாடில்ல. ராத்திரி வேலையில கை தவறும், அது மனுஷ இயல்பு. எஸ்3 காலியா இருக்குன்னு அதுவரை யாருமே பார்க்காததுதான் நோய்.

வார்டுல எமர்ஜென்சி ட்ராலி இருக்கே. லாரிங்கோஸ்கோப் பல்பு எரியுதான்னு டியூட்டி மாறும்போது சிஸ்டர் போட்டுப் பார்த்து ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடுவாங்க. பேஷண்ட் மூச்சு நின்னப்புறம் பல்பை யாரும் செக் பண்றதில்ல. பேக்கப்புக்கு மட்டும் "ஜாப் ஓடிச்சு சார்"னா தலையாட்டுறோம்.

உங்க ஆபீஸ், கிளினிக், காலேஜ் எதுவா இருந்தாலும் சிஸ்டம் பாக்கிறவர்கிட்ட போன மாசத்து ஏதாவது ஒரு தேதி சொல்லுங்க. அன்னைக்கு இருந்த ஃபைல்களை வேற மெஷின்ல மீட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஓடிட்டிருக்கிற டேட்டா மேல ரீஸ்டோர் பண்ண விடாதீங்க, இருக்கிறதும் போயிடும். ஆஸ்பத்திரின்னா அதுல ஒரு பேஷண்ட் ரெக்கார்டை பழைய கேஸ் ஷீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னும் குறிச்சு வைங்க. கேஷுவால்டிக்கு 18 மணி நேரம் தாங்காது.

"ரெண்டு சர்வர் இருக்கு, டேட்டா தானா காப்பி ஆகுது"ன்னு சொன்னா ஏமாறாதீங்க. இங்க அழிச்சா அங்கயும் தானா அழியும்.

டெஸ்ட் பண்ண டிஸ்க்ல இடமில்லன்னு பதில் வரும். உடனே அந்த டிஸ்க்குக்கு இன்டென்ட் போடுங்க.