எந்த அன்னாசி இனிது?

மா, பலா, வாழை என்று முக்கனி கண்டது தமிழகம். அவ்வரிசையில் அன்னாசிக்கு இடமில்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலேறி நம் நாட்டுக் கரைக்கு வந்த கனி அது. ஆயினும் கொல்லிமலையிலும் குமரி மாவட்டத்திலும் நன்றாகவே வேரூன்றிவிட்டது. நம் வேலூர், ஆம்பூர் வீட்டு மாடிகளிலும் அதை வளர்க்கலாம் என்பதும், அதற்கு எந்த வகை ஏற்றது என்பதுமே நான் சொல்ல வருவது.

"கடையில் கிடைக்கும் பழத்தை வீட்டில் வளர்ப்பானேன்?" என நண்பர்கள் கேட்கலாம். மாங்காய் பறித்த பின்னும் பழுத்து இனிக்கும். அன்னாசி அப்படியன்று. செடியை விட்டுப் பிரிந்தபின் அதன் நிறம் மாறலாம், இனிப்பு ஏறாது. தொலைதூரம் போகவேண்டிய பழத்தை முற்றப் பழுக்கும் முன்பே வெட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே செடியிலேயே பழுத்த அன்னாசியின் சுவை வளர்த்தவர்க்கே வாய்க்கிறது.

இனி வகைகளைப் பார்ப்போம். கியூ வகைப் பழம் 2 முதல் 3 கிலோ வரை எடையுள்ளது. இலை நுனியில் மட்டுமே முள் இருக்கும். கண்கள் ஆழமற்றவை, சாறு மிகுதி. டின்களில் அடைப்பதற்கு இதையே விரும்புகின்றனர். குயின் வகை சுமார் ஒரு கிலோதான். இலை விளிம்பெல்லாம் முள், கண்களும் ஆழமானவை. ஆனால் சதை பொன்மஞ்சள், நார் குறைவு, மணமோ அறை முழுதும் பரவும். திரிபுரா மாநிலம் 2018இல் தன் மாநிலப் பழமாக ஏற்றது இந்தக் குயினைத்தான். மொரீஷியஸ் வகையும் குயின் இனத்தைச் சார்ந்ததே. கேரளத்து வாழக்குளத்தில் விளையும் இவ்வகை 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. கேரள வேளாண் பல்கலைக்கழகம், கியூவையும் ரிப்ளி குயினையும் இணைத்து அம்ருதா என்ற கலப்பினத்தையும் உருவாக்கியுள்ளது.

என் வாக்கு மொரீஷியஸுக்கே! எடை போட்டு விற்பவருக்குக் கியூ ஏற்றது. நாமோ நான்கு பேர் உண்ண வளர்க்கிறோம். நமக்குச் சுவையே முக்கியம். மேலும், வாழக்குளத்துப் பழத்தை வாங்கினால் கொண்டையும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திருகியெடுத்து, அடியிலைகளை நீக்கி, இரண்டு நாள் உலர்த்தி நட்டால் போதும். பழம் காண ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். பக்கக்கன்று கிடைத்தால் இன்னும் விரைவு. நம் ஊர்க் கோடையில் பிற்பகல் நிழல் அவசியம்.

ஆனால் வகையை மட்டும் தேர்ந்தால் போதாது. நான் நட்ட முதல் கொண்டைக்கு எங்கள் வீட்டு ஆழ்குழாய் நீரையே ஊற்றினேன். சில வாரங்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளை பூத்தது, இலை நுனிகள் கருகின, செடி மடிந்தது. அன்னாசி சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. நம் நிலத்தடி நீரிலோ உப்பு! பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பு, தோலை ஊறவைத்துக் கழுவும்போது நீரோடு வெளியேறி, நெடுங்காலமாகப் பாலாற்றுப் படுகையில் இறங்கியுள்ளது. தோல் பதனிடும் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழான செய்தி, உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் இதே துயரை மீண்டும் விசாரித்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

தோல் தொழிலைத் தூற்றுவது என் நோக்கமன்று. என் தந்தையின் கூலியும் என் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்தே வருகின்றன. சோறு தரும் தொழில் தண்ணீரையும் விட்டுவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இரண்டாம் கொண்டைக்கு மாடியில் பிடித்த மழைநீரை ஊற்றினேன். கோடையில் குடிநீரில் ஒரு செம்பு. சென்ற ஆண்டு முக்கால் கிலோவில் ஒரு பழம் தந்தது. வீட்டில் ஆளுக்கு இரண்டு துண்டுதான். அன்று அம்மா, "நம்ம வீட்டுத் தண்ணியிலயா இவ்வளவு இனிப்பு?" என்றார். "இல்லை அம்மா, வானத்துத் தண்ணி" என்றேன்.

விடுதி நண்பர்களே! அடுத்த முறை அன்னாசி வாங்கினால் கொண்டையைக் குப்பையில் எறியாதீர்கள். ஒரு தொட்டியும் ஒரு குடம் மழைநீரும் தேடுங்கள்.

— தாவரவியல், மூன்றாம் ஆண்டு