காலின்றித் தலை ஏது?

பார்ப்பனன் முகத்திலே பிறந்தான், சூத்திரன் காலிலே பிறந்தான் என்று புருஷசூக்தத்தைக் காட்டி மேல் கீழ் வகுத்தார்கள். உடலைச் சான்றுக்கு அழைத்தவர்கள் அவர்கள். அதே உடலைக் கூண்டில் ஏற்றி நாம் குறுக்கு விசாரணை செய்கிறோம்!

தஞ்சைக் கழனியில் குறுவை நாற்று நடும் உழத்தியின் கெண்டைக்காலைப் பாருங்கள். அத்தசை சுருங்கும்போதெல்லாம், கீழிறங்கிய குருதி மேலேறி இதயம் சேர்கிறது. காலை அசைக்காமல் நெடுநேரம் நிற்பவன் மயங்கி விழுவதேன்? கால் அனுப்பாவிடில் தலைக்கு ஏது குருதி?

தலைதானே ஆளுகிறது என்பார்கள். ஆனி வெயில் சுடுகையில் மூளை ஆணையிடுகிறது, உண்மை. ஆனால் வியர்ப்பது தோல், நீரைக் காப்பது சிறுநீரகம். எல்லாம் கூடியே உடல்வெப்பத்தை 37 பாகையை ஒட்டி நிறுத்துகின்றன. 1926-இல் அமெரிக்க அறிஞர் வால்டர் கானன் இதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' எனப் பெயரிட்டார். தன்னிலை காத்தல் என்போம் நாம்.

காலுக்குக் குருதி மறுத்தால் கால் அழுகும். அந்நஞ்சு தலையையும் விடாது. கூலி நெல்லை மறுத்த மிராசுதார் ஆணவம், 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்தது. அழுகியது எது, தோழர்களே? உழைத்த காலா, ஊரை ஆண்ட தலையா?

உடல் கற்பிப்பது வருணமன்று, சமன்! அப்பாடத்தைச் சேரியிலும் அக்கிரகாரத்திலும் ஒருங்கே நடத்துவோம்!