பெருநாள் உடுப்பு வேறு, ஈ.பி.எப். வேறு



ஓ.எல். எழுதிவிட்டு எங்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எங்கே போகிறார்கள் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். மாத்தளை டவுனில் புடவைக்கடை, ஹார்ட்வெயார் கடை, தம்புள்ளை மரக்கறிச் சந்தை. இப்போது கொஞ்சப் பேர் கொழும்புக்குப் போய் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள்.

அண்மையில் பழைய மாணவர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஒரே கடையில் ஆறு வருட வேலை. வங்கியில் கடன் கேட்கப் போனால் சம்பளச் சீட்டு கேட்டிருக்கிறார்கள். சீட்டும் இல்லை, ஈ.பி.எப். இலக்கமும் இல்லை. முதலாளி கெட்டவர் அல்ல. இவருடைய வாப்பா வஃபாத்தானபோது செலவைப் பார்த்தவரே அவர்தான். ஒவ்வொரு பெருநாளைக்கும் உடுப்பும் எடுத்துக் கொடுக்கிறார்.

அது ஸதகா. அல்லாஹ் கூலி கொடுப்பான். ஆனால் ஈ.பி.எப். ஸதகா அல்ல, சம்பளத்தின் ஒரு பகுதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். ஈ.டி.எப். 3 வீதத்தை முதலாளி தனியாகக் கட்ட வேண்டும். 2026 ஜனவரி முதல் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்கே ஈ.பி.எப். மாதம் 6,000, வருடத்துக்கு 72,000 ரூபா சேரும். "பிடிக்க வேண்டாம், கையிலேயே தாங்க என்று பிள்ளைதான் சொன்னது" என்பார்கள். இரண்டு பேரும் சம்மதித்தாலும் சட்டம் அதை ஏற்காது.

பணிக்கொடைச் சட்டமும், காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்துவதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். எங்கள் ஊர்க் கடைகளில் அத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள்? ஐந்தாறு பேர் கடையில் நிற்கும் பிள்ளைக்கு வயதான காலத்தில் பெரும்பாலும் மிஞ்சுவது ஈ.பி.எப்.பும் ஈ.டி.எப்.பும்தான். 2022க்குப் பிறகு சிறு வியாபாரிகள் பட்ட பாடு எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கரண்ட் பில்லைக் கட்டாமல் கடை திறப்பதில்லையே.

டெலிவரி பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். அவர்களைத் தொழிலாளி என்று கம்பனி ஏற்பதே இல்லை, 'பங்காளர்' என்கிறது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகள் தொழிலாளர்கள்தான், ஆகக் குறைந்த சம்பளத்துக்கும் சம்பளத்துடனான லீவுக்கும் உரித்துடையவர்கள் என்று தீர்ப்பளித்தது. இங்கே 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலயச் சட்டம் எழுதப்பட்டபோது போனில் ஓடர் வரும் வேலையை யாரும் நினைத்திருக்க முடியாது. தொழில் சட்டத் திருத்தம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தோட்டம், ஆடைத் தொழிற்சாலை பற்றிக் குரல் எழும்பும். கடைப் பிள்ளைகளுக்காகப் பேச ஆளில்லை.

ஜகாத் கணக்குப் பார்க்க ஊரில் கமிட்டி வைத்திருக்கிறோம். அதே கடைக்காரர்களையும் ஒரு தொழில் அலுவலரையும் இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றாக உட்கார வைக்கலாம். பள்ளி நிருவாகம் சரி என்றால் அலுவலரிடம் பேசுவதும், படிவங்களை நிரப்ப உதவுவதும் எங்கள் பொறுப்பு. நாள் சொல்லுங்கள்.