சுகமான பிள்ளைக்கு எதற்குக் கிளினிக்?

"பிள்ளைக்குத்தான் சுகமாயிருச்சே, இன்னும் என்னா கிளினிக்கு?"

காலைப் பிரட்டில் எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா கேட்டது இது. அவர் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது லயம் லயமாகப் போய்ப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். நோயாளிப் பிள்ளைக்காக லீவு கேட்டபோது முகம் சுளிக்காதவருக்கு, ஓடி விளையாடும் பிள்ளைக்காக லீவு கேட்பதுதான் விளங்கவில்லை. அவருக்கு மட்டுமல்ல, பக்கத்துக் காம்பிரா அத்தைக்கும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு காலத்தில் எங்களுக்கும் விளங்கவில்லை.

விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே காலில் நீலத் தழும்பு என்று தொடங்கிய நோய் அது. மஹரகம வைத்தியசாலையில் இரண்டரை வருடம் மருந்து ஏற்றினார்கள். எல்லாம் இலவசம். மருந்து நிறுத்தி இப்போது மூன்று வருடம். முதல் வருடம் மாதந்தோறும் வரச் சொன்னார்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மஹரகமவுக்குப் போவது ஒரு நாள் வேலை அல்ல. காலையில் இரத்தம் எடுக்க நம்பர் கிடைக்க வேண்டுமானால் முதல் நாளே புறப்பட வேண்டும். கினிகத்தேனை, கித்துல்கலை என்று இறங்கி அவிசாவளையில் பஸ் மாறுகிறோம். வளைவுகளில் பிள்ளைக்கு வாந்தி வரும். இரவில், கொழும்பில் கடையில் வேலை செய்யும் நம்ம தோட்டத்துப் பையன் ஒருவரின் அறையில் ஒதுங்குகிறோம். ஒருவர் போனால் போதாதா என்று கேட்பார்கள். பெண் பிள்ளைக்குத் தாய் வேண்டும். சிங்களம் பேசத் தகப்பன் வேண்டும். இரண்டு பேருக்கும் இரண்டு நாள் பேர் போனால், 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா கணக்கில் பார்த்தாலே 5,400 ரூபா. பஸ் காசும் சாப்பாடும் அதற்கு மேலே.

முடிவு வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல முடியவில்லை. போனமுறை கூட இருந்த பிள்ளைகளைக் கண்கள் தேடும். ஒரு பிள்ளையைக் காணாவிட்டால் யாரிடமும் கேட்பதில்லை.

கடந்த வருடம் மே மாதத்தில் ஒரு திகதியைத் தவறவிட்டோம். கொழுந்து குவிந்திருந்த நேரம். இந்த வாரம் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தாள். கடையில் கடனும் இருந்தது. "அடுத்த தடவை போகலாம்" என்று எங்கள் வாயாலேயே சொன்னோம்.

அடுத்த தடவை போனபோது இரத்தம் சரியாக இருந்தது. ஆனால் தவறிய அந்த நாளில்தான் இருதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க இருந்தது. புதிய திகதிக்கு இன்னும் நான்கு மாதம். அப்போதுதான் தமிழ் தெரிந்த ஒரு தாதி எங்களை உட்கார வைத்து விளக்கினார். நோயைக் கொன்ற மருந்துகளில் சில, பல வருடம் கழித்து இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை. ஆரம்பத்தில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். பிள்ளையின் வளர்த்தி, வயதுக்கு வருவது, படிப்பில் கவனம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில்தான் திரும்பும். இவ்வளவும் கிளினிக் கொப்பியில் எழுதித்தான் இருந்தது, ஆங்கிலத்தில். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. எங்கள் மகளின் கொப்பிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அந்த நான்கு மாதமும் அவள் படியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம் நாங்கள் நின்று பார்த்தோம். கடைசியில் ஸ்கேனில் குறையில்லை என்றார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம். இன்னொரு குடும்பத்துக்கு அப்படி அமையும் என்று யார் சொல்ல முடியும்?

தோட்டத்தில் நோயாளியைக் கவனிப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1912 ஆம் ஆண்டே சட்டம் வந்தது. படுத்துக் கிடப்பவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. அன்று இந்த நோய் வந்த பிள்ளை பிழைத்ததில்லை. இன்று பலர் பிழைக்கிறார்கள். பிழைத்த பிள்ளையைக் காப்பாற்றும் நாளுக்குச் செக்ரோலில் ஓர் இடம் இல்லை.

இதைப் பேச வேண்டிய இடம் எது? 2021 இல் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிய பிறகு சம்பளம் சம்பள நிர்ணய சபையில் பேசப்படுகிறது. சம்பளம் தவிர்ந்த விடயங்களுக்கு மேசையே இல்லாமல் போய்விட்டது. எங்கள் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: கூட்டங்களில் நாட்சம்பளத் தொகையைப் பற்றி மட்டுமே கேட்டுக் கேட்டு, மற்றதைக் கேட்க மறந்துவிட்டோம். வைத்தியசாலை முத்திரையுடன் கிளினிக் கொப்பியைக் காட்டினால், பெற்றோரில் ஒருவருக்காவது சம்பளத்தோடு லீவு என்று எழுத்தில் வேண்டும். கொழுந்துக் காலமானாலும் அதை மறுக்கக் கூடாது. ஒரு தோட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? கம்பெனி இதனால் நட்டப்படும் என்று சொன்னால் நாங்கள் நம்பத் தயாரில்லை.

மேசை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கிளினிக் போகும் பிள்ளைகளின் பெயர், திகதி ஆகியவற்றைத் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் எழுதி வைத்தால், லீவு கேட்டு ஆபீசுக்குப் போகும் தாய் தனியாக நிற்க மாட்டாள். கொப்பியின் ஒரு பிரதி தோட்ட மருந்துச்சாலையிலும் இருக்கட்டும். இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பனடோல் கொடுத்து மட்டும் அனுப்பக் கூடாது என்று அங்கே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மகளின் அடுத்த திகதி ஓகஸ்ட்டில் வருகிறது. தலைவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். கணக்கப்பிள்ளை ஐயாவிடமும் எக்கோ பற்றி விளக்கினோம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கொப்பியை வாங்கித் திகதியைத் தன் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.