அளந்தது ஐஐடி, நின்றது வழக்கு

“பணமெல்லாம் கணினிக்குள் வந்துவிட்டது, இனி கறுப்பை வெள்ளையாக்க முடியாது” என்கிறது ஒரு தரப்பு. அந்த நம்பிக்கைக்கு நேர் எதிரான கதை காவிரிப் படுகையிலேயே இருக்கிறது.

2023 செப்டம்பரில் தமிழக ஆற்றுமணல் குவாரிகளில் அமலாக்கத்துறை சோதனை போட்டது. கான்பூர் ஐஐடி வல்லுநர்களைக் கொண்டு 28 குவாரிகளை அளந்தது. அது சொன்ன கணக்கு: அள்ளிய மணலின் மதிப்பு சுமார் 4,730 கோடி ரூபாய், அரசு வருவாயாகப் பதிவானதோ 36.45 கோடி. தஞ்சாவூர், திருச்சி, அரியலூர், கரூர், வேலூர் ஆட்சியர்களுக்குச் சம்மன் போனது. அவர்களை ஆஜராகச் சொல்ல உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

முடிவு? 2024 ஜூலையில் மணல் ஒப்பந்ததாரர்கள் மீதான அமலாக்கத்துறை நடவடிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் குற்ற அட்டவணையில் கனிமச் சட்ட மீறல் இல்லை என்பது முக்கியக் காரணம்.

தொழில்நுட்பம் வீண் என்று யாரும் சொல்லவில்லை. கிரிப்டோ வணிகம் 2023 மார்ச்சில் இதே சட்டத்துக்குள் வந்தது. மோசடிப் பணம் புகுந்து புறப்படும் வாடகை வங்கிக் கணக்குகளைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் ‘மியூல்ஹன்டர்’ கருவியை அறிவித்தது. இரண்டும் தேவைதான். ஆனால் ரசீதில்லாமல் ஓடும் லாரியும் ரொக்கமாகக் கைமாறும் பணமும் வங்கிக் கணினியின் கண்ணில் படாது.

மணல் கொள்ளையை அந்த அட்டவணையில் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை. கணினியைப் புகழ்பவர்கள் அதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.