ஏரி மராமத்தும் இஞ்சினீயர் மேற்பார்வையும்

ஏரிக்கரை மராமத்தில் கண்ணுக்குத் தெரியும் வேலை கொஞ்சம். மண்ணுக்குள் மறைந்துபோகும் வேலையே அதிகம். வேலை முடிந்த மறுநாள் கரைமேல் நடந்து பார்ப்பவருக்குப் புது மண்ணும், ஒழுங்கான சரிவும், பூச்சு மின்னும் மதகும் தென்படும். புது மண் பழைய கரையைப் பற்றிக்கொண்டிருக்கிறதா, மதகுக் குழாயைச் சுற்றிக் களிமண் கெட்டித்திருக்கிறதா என்பவை ஐப்பசியில் ஜலம் ஏறும்போதுதான் வெளியாகும். ஆதலால் இஞ்சினீயர் எத்தனை தடவை வந்தார் என்பதைவிட எந்த நாளில் வந்தார் என்பதையே கிராமத்தார் கவனிக்கவேண்டும்.

ஏரிவேலையைக் கிராமத்தாரே ஏற்றுச் செய்வது புதிய ஏற்பாடன்று. குடிமராமத்து வழக்கம் பழமையானது. 1858-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் அதைக் கட்டாய உழைப்பாகவே ஆக்கிற்று. 1952 அக்டோபர் 2-ந் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் 55 இடங்களில் ஆரம்பமானபோதும், ஜனங்களின் உழைப்பும் சர்க்கார் பணமும் ஒன்றுசேரவேண்டும் என்பதே கொள்கை. 2000-த்தில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கத் தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கி, 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்கை அவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாடு நல்லதே. எனினும் அதில் ஒரு சங்கடம் உண்டு. வெளியூர்க் காண்டிராக்டர் வேலை செய்தால் ஊரார் நாலு பேர் நின்று குறை சொல்வார்கள். சங்கமே காண்டிராக்டராகிவிட்டால் குறை சொல்லவேண்டியவரும் வேலை செய்பவரும் பங்காளிகளாகவோ சம்பந்திகளாகவோ இருப்பர். தாட்சண்யம் வாயை அடைத்துவிடும். ஜனங்களின் பங்கு அதிகமாகும் இடத்தில் இஞ்சினீயரின் மேற்பார்வையும் அதிகமாகவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஊரார் செய்கிறார்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் விலகியிருப்பது ஜனங்களிடம் வைக்கும் நம்பிக்கை ஆகாது.

கரைமண்ணின் விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய கரையின் புல், வேர், சீமைக்கருவேல் முண்டு யாவும் நீங்கவேண்டும். சரிவைப் படிபடியாக வெட்டிக்கொண்டு, ஒன்பது அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாக மண் பரப்பி, பதமாக ஜலம் தெளித்து உருளை ஓட்டவேண்டும். மண்ணை உள்ளங்கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும்; கை நனையக்கூடாது. ஈரத்துக்கும் கெட்டிப்புக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை அமெரிக்க இஞ்சினீயர் பிராக்டர் 1933-இல் அளவிட்டு வெளியிட்டார். இன்றும் கரைமண்ணின் கெட்டிப்பு அவர் பெயரால் வழங்கும் பரீட்சையைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. ஆனால் பில் கொடுப்பது கன அளவுக்கே. மூன்று அடி உயரத்துக்கு லாரியிலிருந்து அப்படியே கொட்டிய மண்ணும், அடுக்கடுக்காய் உருட்டிய மண்ணும் அளவுப் புத்தகத்தில் ஒரே எண்ணாகவே விழும். உருட்டாத மண் முதல் மழையில் அமுங்கிக் கரையின் தலையைத் தாழ்த்திவிடும். தாழ்ந்த இடத்தில்தான் வெள்ளம் முதலில் ஏறும்.

மதகு இன்னும் அபாயமான இடம். குழாயின் ஓரமாக ஊறும் ஜலம் தெளிவாக இருந்தால் கண்காணித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் அது கரையின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இங்ஙனம் கசிவை லேசாக எண்ணியதன் விளைவுக்குத் தூரம் போகவேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி ஜில்லாவின் திவரே அணை 2019 ஜூலை 2-ந் தேதி இரவில் உடைந்து, கீழுள்ள வீடுகளை அடித்துச்சென்று பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. கசிவைப்பற்றி அவ்வூரார் முன்னமே முறையிட்டிருந்தனர்.

ஒரு இஞ்சினீயரின் பொறுப்பில் அநேக ஏரிகள் இருக்கின்றன, தினமும் எப்படி வருவார் என்று கேட்கப்படுகிறது. கேள்வி நியாயமானதே. தினமும் வரவேண்டியதில்லை. பழைய கரையின் மேல்தோல் உரித்து மண் போடுவதற்கு முன்னும், மதகைச் சுற்றிக் களிமண் அடைக்கும்போதும் அவர் அங்கே நிற்கவேண்டும். இடையில் எந்த அடுக்கிலாவது முன்னறிவிப்பின்றி வந்து, உருளைக் கத்தியால் மண்மாதிரி எடுத்து எடைபோட்டுப் பார்த்தால் போதும். அவர் பார்த்துக் கையெழுத்திடாத இடத்தை மூடினால் அந்தப் பாகத்துக்குப் பில் இல்லை என்று சங்கமே தீர்மானம் செய்துகொள்வது உத்தமம். அந்தக் கையெழுத்தோடு, சங்க நிர்வாகத்தில் சேராத இரண்டு ஆயக்கட்டுதாரர்களின், முக்கியமாகக் கடைமடை நிலக்காரர்களின் கையெழுத்தும் இருக்கட்டும். கரை உடைந்தால் முதலில் வறண்டு நிற்பது அவர்கள் வயலே. குறித்த நாளில் இஞ்சினீயர் வராவிட்டால் அதையும் அதே புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். மழை வருகிறது என்ற அவசரத்தில் மூடிவிடலாகாது. எஸ்டிமேட்டின் தமிழ்ப் பிரதி ஒன்று ஊர்ப் பொது இடத்தில் ஒட்டப்படாவிட்டால் இவற்றில் எதுவும் நடவாது. ஒன்பது அங்குலம் என்று எழுதியிருப்பது தெரியாதவர் மூன்று அடியைக் கண்டு என்ன கேட்பார்?

குடிகளின் பக்கத்திலும் ஒரு குற்றம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இன்னும் ஒரு முழம் ஜலம் நிற்கட்டும் என்று கலுங்கின் தலையில் மணல்மூட்டை அடுக்குவது பல ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. கலுங்கின் உயரம் கரையின் உயரத்தோடு கணக்கிட்டு வைக்கப்பட்டது. மூட்டை ஏறியபின் எந்த இஞ்சினீயரின் கையெழுத்தும் அந்தக் கரையைக் காக்காது.

மராமத்தான ஏரி முதன்முதல் நிரம்பும் பத்துப் பதினைந்து நாட்களே கடைசிப் பரீட்சை. அந்நாட்களில் இரவும் பகலும் கரைக்கு ஆள் போட்டு, ஈரம் ஊறும் இடத்திலெல்லாம் குச்சி நட்டுவைத்து, ஓவர்ஸீயர் அவற்றை நேரில் பார்வையிடவேண்டும். கடைசிப் பில் அதற்குப் பிறகு தீரட்டும்.